பிள்ளையின் கையும் படிக்கட்டும்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேசச் சொன்னார்கள். டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களிடமிருந்து தொடங்குகிறேன். இந்தியாவின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்று நம் பெரியவர்கள் அறிவார்கள். அதற்கு முன், 1926 முதல் 1948 வரை, அவர் டில்லி ஜாமியா மில்லியாவின் துணைவேந்தர். பெர்லினில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்காமல் 20 ஆண்டு உழைப்பதாகத் தோழர்களுடன் உறுதி எடுத்தார். வியாபாரியான எனக்கு இந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை!

1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு நடந்தது. திட்டம் வகுக்க அமைத்த குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைவர். 7 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் பாடம், ஒரு கைத்தொழிலை ஒட்டியே மற்றப் பாடங்கள். பிள்ளை நூல் நூற்றால் அதை அளப்பது கணக்கு. பருத்தி எங்கே விளைகிறது என்பது புவியியல். பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்பது காந்தியடிகளின் எண்ணம். அந்த இடத்தில் குழு எச்சரித்தது: வருமானத்திலேயே கண் வைத்தால் கல்வி கெட்டுவிடும்.

வார்தா ராட்டை கூலிமுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 1996இல் திறந்த ஹைடெக் பூங்கா நம் பக்கத்திலேயே இருக்கிறது. இயந்திரம் நின்றால் திறந்து பார்த்துக் காரணம் சொல்லத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும். நம் வீடுகளிலோ கைவேலை என்றால் மார்க் குறைந்த பிள்ளைக்கு என்று நினைப்பு. நான் பொலிடெக்னிக் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். யுபிஎஸ்ஆர் தேர்வை அரசாங்கம் 2021இல் எடுத்துவிட்டது. நம் வீடுகளில் அது இன்னும் நடக்கிறது.

ஒரு யோசனை. நம் வார இறுதி வகுப்பின் சிற்றுண்டிக் கடையை 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் விடுவோம். சாமான் வாங்குவது, விலை போடுவது, லாபத்தில் ஸதக்காவுக்கு எவ்வளவு என்பது, எல்லாம் அவர்கள் முடிவு. நஷ்டம் வந்தால் அன்றைய பாடம் அதுதான். ஆனால் ஜாமியாக்காரர் சொன்ன எச்சரிக்கை நமக்குத்தான் அதிகம் பொருந்தும். நாம் கடைக்காரர்கள். பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வோம். ஏன் இந்த விலை என்று அவன் கேட்க வேண்டும், நாம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒரே நிபந்தனை: பிள்ளை எழுதிய கணக்கை அத்தாவோ அம்மாவோ வீட்டில் திருத்தித் தரக்கூடாது.