மருத்துவக் காப்பீடு: படிவத்தில் மறைக்காதீர்


மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் பாலிசி எடுத்தவர்களுடையதும் இருப்பது எம்மை உறுத்துகிறது. சர்க்கரை நோயை எழுதினால் பிரீமியம் கூடும் என முகவர் கூற, 'இல்லை' என்றெழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பழைய மருந்துச்சீட்டு காட்டிக் கொடுத்துவிடுகிறது, பணம் மறுக்கப்படுகிறது. அப்போது முகவர் தொலைபேசியை எடுப்பதில்லை!

உண்மையை எழுதிப் பாலிசி பெற்றால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகளே. 2024 ஏப்ரலுக்கு முன் 4 ஆண்டுகளாக இருந்தது. பிரீமியம் கூடலாம்தான். ஆனால் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் வேண்டாமெனத் திருப்பித் தரலாம். அதற்குள், படித்த பிள்ளை ஒருவரைக்கொண்டு அறை வாடகை வரம்பையாவது வாசித்தறியுங்கள். வரம்பை மீறிய அறையில் தங்கினால், பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணத்திலும் விகிதப்படி கழித்துவிடுவார்கள்.