வராதவன் வீட்டுக்குப் போங்கள்



கீழ்புத்துப்பட்டு விளையாட்டு விழாவில் கைப்பந்து, கபடி, கிரிக்கெட் என்று எல்லாப் பரிசும் கொடுத்து முடித்தாகிவிட்டது. ஜெயித்தவர்களை இந்த மேடையில் நிறையப் பேர் பாராட்டினார்கள். நான் பேச வந்தது, இன்றைக்கு மைதானத்துக்கே வராத பிள்ளையைப் பற்றி. போன மாதம் வரைக்கும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவன் திடீரென்று நின்றுவிட்டான். எந்த அணியிலும் அப்படி ஒருவன் இருப்பான். "வேலைக்குப் போறான்போல", "யாரோடயோ சண்டையாம்" என்று சொல்லிவிட்டு இன்னொருவனைச் சேர்த்துக்கொண்டு ஆடப் போய்விடுகிறோம். அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து "ஏண்டா வரல?" என்று கேட்டது யார்?

நம் பிள்ளைகளின் தலையில் இருக்கிற பாரம் சின்னதில்லை, ஐயா. உப்பளத்தில் வெயில் காயும் மாதங்களில்தான் கூலி. மழை இறங்கினால் பாத்தியில் வேலை இல்லை, வீட்டில் கடன் பேச்சுதான். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். கூரை போனதையும் படகு போனதையும் கணக்கெடுத்தோம். தூக்கம் போன பிள்ளையை யாரும் கணக்கெடுக்கவில்லை. நம் ஊர் முகாமில் வளர்ந்த பிள்ளைகளின் பாரம் இன்னொரு விதம். இலங்கையில் இருந்து உயிர் பிழைத்து வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பட்டமும் வாங்குகிறார்கள். ஆனால் குடியுரிமை இல்லை. அரசு வேலைக்கு விண்ணப்பம் போட முடியாது. 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. நல்லது, வரவேற்கிறேன். "படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று இருபது வயதில் கேட்கிறவனுக்கு அது மட்டும் போதாது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சென்னையில் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-இல் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். அவரும் அவரோடு இருந்தவர்களும் தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒரு வேலை செய்தார்கள். அதன் முடிவு 2017-இல் ஆய்விதழில் வெளிவந்தது. மருத்துவர்களைக் கொண்டுபோய் அங்கே குடிவைக்கவில்லை. சமூகத்துத் தன்னார்வலர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். மனம் உடைந்திருந்தவர்களை அந்தத் தன்னார்வலர்கள் விடாமல் போய்ப் பார்த்தார்கள், பேசினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை: மனசு தாங்க முடியாமல் போகும் நேரத்தில் நான் என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன் என்று அவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவைத்தது. அவ்வளவுதான் செய்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிகள் அங்கே குறைந்தன. இந்த வேலைக்குப் பெரிய கட்டடம் வேண்டாம், மருத்துவப் பட்டம் வேண்டாம். விடாமல் போய்ப் பார்க்கிற ஆள் வேண்டும். நம் விளையாட்டு மன்றத்தில் அதற்கு ஆள் இல்லையா?

நல்லா ஆடுகிறவனுக்கு மனக்கஷ்டம் வராது என்று நினைக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். இருபத்து நான்கு வருட ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் பதற்றத்தோடுதான் இருந்தேன், ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராது என்று 2021-இல் வெளிப்படையாகச் சொன்னவர் சச்சின் டெண்டுல்கர். டீ போடுவது, துணிக்கு இஸ்திரி போடுவது என்று சின்னச் சின்ன வேலைகளில் மனசைத் திருப்பிக்கொள்வாராம். 2014 இங்கிலாந்துப் பயணத்தில் சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தனிமையில் தவித்ததை விராட் கோலி சொன்னார். அவர்களே சொல்லலாம் என்றால், நீங்களும் சொல்லலாம். பயிற்சி கொடுக்கிற அண்ணன்மார்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: "ஆம்பளை அழலாமா?" என்ற பேச்சு இனி இந்த மைதானத்தில் வேண்டாம். கேட்ச் விட்டவனை அம்மாவை இழுத்துத் திட்டுவதும் வேண்டாம்.

என்ன கேட்பது என்று பயப்படாதீர்கள். சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் சேரவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம், "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு, இவையெல்லாம் கண்ணில் பட்டால் தனியாக அழைத்துக் கேளுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோம் என்பது தவறான பயம். மனநல மருத்துவர்கள் கேட்கத்தான் சொல்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் அவனைத் தனியே விடாதீர்கள். 104-க்குப் பேசுங்கள், 14416-க்குப் பேசுங்கள். இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. பிள்ளை பயந்துபோயிருக்கிறான் என்று ஐயனார் கோயிலுக்கு அழைத்துப்போய்த் திருநீறு பூசுகிற தாய்மார்களே, தாராளமாகப் பூசுங்கள். பூசிவிட்டு மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

தங்கைகளைப் பற்றியும் பேசவேண்டும். வயசுக்கு வந்த அன்றோடு மைதானத்தை விட்டு நிறுத்தப்படுகிற பிள்ளைக்கு விளையாட்டு மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வெளியே மனம்விட்டுப் பேசிய இடமும் போகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கென்று மைதானத்தை விடுங்கள். கூட ஓர் அக்கா வந்து நிற்கட்டும்.

கேட்பது இதுதான். ஒவ்வோர் அணியிலும் இரண்டு பேரை இன்றைக்கே தேர்ந்தெடுங்கள். முகாமில் இருந்து ஒருவர், ஊரில் இருந்து ஒருவர். மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்களை அழைத்து அவர்களுக்குப் பயிற்சி வாங்கித் தரும் பொறுப்பை மன்ற நிர்வாகிகள் ஏற்க வேண்டும். ஆட வந்தவர்களின் பெயரை எழுதுகிற அதே நோட்டில் வராதவர்களின் பெயரையும் எழுதுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து வராதவன் வீட்டுக்கு அந்த இருவரும் போகட்டும். நோட்டும் பேனாவும் மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன; முதல் இரண்டு பேர் யார் என்று கபடி அணித் தலைவர் வந்து எழுதலாம்.