555 புத்தகமும் கைப்பேசியும்: வாடிக்கையாளர் தகவல் ஓர் அமானிதம்





சங்கத்தின் பொன்விழா மேடையில் பேச வாய்ப்புத் தந்தமைக்கு நன்றி. சிங்கப்பூரில் சிறு கடை நடத்தும் நாங்கள், பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் வாப்பா காலத்தில் மளிகைக் கடைக் கல்லாவுக்குக் கீழே 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு புத்தகங்கள் அடுக்கியிருக்கும். யார் எவ்வளவு கடன் என்பது அதில்தான் இருக்கும். ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டார் பார்க்க வாப்பா விட்டதே இல்லை. "கணக்கு மட்டுமா இதில இருக்கு? அவங்க மானமும் இருக்கு" என்பார்.

இன்று புத்தகம் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. பெயர், தொலைபேசி எண், புளோக், வீட்டு எண், எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருக்கும் என்பது வரை எங்களிடம் இருக்கிறது. வாப்பாவிடம் இருந்த கவனம்தான் எங்களிடம் இல்லாமல் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், நோன்பு மாதச் சலுகையை அறிவிக்க, வாடிக்கையாளர் அனைவரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம். யாரிடமும் கேட்கவில்லை. எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தனியாக வசிக்கும் ஒரு மாமிக்கு முன்பின் தெரியாத ஒருவர் இரவில் அழைக்கத் தொடங்கினார். மாமி கடைக்கு வந்து, "தம்பி, உங்களை நம்பித்தானே நம்பர் கொடுத்தேன்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. குழுவைக் கலைத்தோம், மன்னிப்புக் கேட்டோம். ஆனால் மாமி தம் எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கு 2014 ஜூலை 2 முதல் முழுமையாக நடப்பில் உள்ளது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். அது தவறு. ஒருவர் மட்டுமே நடத்தும் கடைக்கும் அது பொருந்தும். தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்கவும் வேண்டும்.

அதன்பின் எங்கள் கடையில் சில பழக்கங்களைக் கொண்டுவந்தோம். செலவு அதிகமில்லை.

முதலாவது, தேவையில்லாததைக் கேட்பதில்லை. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது. அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு ஐசி எண் எதற்கு?

இரண்டாவது, சலுகைச் செய்தி வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றவர்களுக்கு மட்டும் பிராட்காஸ்ட் முறையில் அனுப்புகிறோம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது.

மூன்றாவது, கடைக்கெனத் தனிக் கைப்பேசி, இரட்டைச் சரிபார்ப்பு. வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்வதில்லை. ஊழியர் விலகினால் அன்றே அவருடைய இணைப்பைத் துண்டித்து, கடவுச்சொல்லையும் மாற்றுகிறோம்.

நான்காவது, முகவரி எழுதிய டெலிவரிச் சீட்டுகளைக் கிழித்த பிறகே குப்பையில் போடுகிறோம்.

ஐந்தாவது, தவறு நடந்தால் மறைப்பதில்லை. 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டாலோ, ஒருவருக்கேனும் பெருந்தீங்கு நேரக்கூடும் என்றாலோ, ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பாதிப்பு சிறிதாக இருந்தாலும் உரியவரிடம் சொல்லிவிடுவது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

அன்பிற்குரியவர்களே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கத்து மக்கள் 'அல் அமீன்' என்று அழைத்தார்கள். அவர்களை எதிர்த்தவர்கள்கூடத் தம் பொருள்களை அவர்களிடமே ஒப்படைத்திருந்தார்கள். ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையிலும், அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். உயிருக்கே ஆபத்திருந்த இரவிலும் அமானிதம் மறக்கப்படவில்லை.

பொன்னும் பொருளும் மட்டுமல்ல, ஒரு மாமி நம்மிடம் சொல்லும் எட்டு இலக்க எண்ணும் அமானிதம்தான். அதைக் காக்கும் வணிகர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.