சோற்றுத் தட்டில் நடந்த பரிசோதனை

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில், மரம் வெட்டும் தோழர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "கிராணியாரே! ரப்பர் மரத்துக்கு ஆராய்ச்சி நடக்கிறது, செம்பனைக்கு ஆராய்ச்சி நடக்கிறது. நம்மைப் போன்றவன் தின்னும் சோற்றைப் பற்றி யாராவது எப்போதாவது ஆராய்ச்சி செய்ததுண்டா?" என்றார். பெயர் வாசித்துக்கொண்டிருந்த நேரம். பதில் சொல்ல முடியவில்லை. "கூட்டத்தில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.

செய்திருக்கிறார்கள், தோழர்களே! வேறெங்கோ அல்ல, இந்த மலாயா மண்ணிலேயே செய்திருக்கிறார்கள். உலக வைத்திய சரித்திரத்தில் இடம் பெற்ற ஆராய்ச்சி அது. அதில் தமிழன் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆளைக் கொன்ற வெள்ளை அரிசி

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கம். ஈயச் சுரங்கங்களிலும், சிறைச்சாலைகளிலும், ஆஸ்பத்திரிகளிலும் பெரிபெரி என்ற நோய் மனிதர்களை அள்ளிக்கொண்டு போன காலம். முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். பாதம் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். கடைசியில் இதயம் ஓய்ந்து, நேற்று வேலைக்குப் போனவன் இன்று பிணமாகக் கிடப்பான்.

காரணம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. தொற்று நோய் என்றார்கள் சிலர். மண்ணின் நச்சு என்றார்கள் சிலர். கட்டிடத்தின் குற்றம் என்றார்கள் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த பிராடன் என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களை இந்த நோய் கொத்துக் கொத்தாகக் கொல்கிறது. அதே வெயிலில், அதே மழையில் உழைக்கும் தமிழர்களிடம் அது அபூர்வமாகவே காணப்படுகிறது. கிராமத்து மலாய்க்காரர்களிடமும் அப்படியே. என்ன வேற்றுமை? சீனத் தொழிலாளி தின்றது ஆலையில் வெள்ளை வெளேர் என்று தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழன் தின்றது புழுங்கல் அரிசி. மலாய்க் குடியானவர் தின்றது வீட்டிலே அவ்வப்போது குத்திய அரிசி. 1907-ஆம் ஆண்டில் பிராடன் இதைப் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார். சயாம் அரிசியில் ஏதோ விஷம் சேருகிறது என்பது அவருடைய முடிவு. அந்த முடிவு தவறானது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அவர் பார்த்த இடம் சரியான இடம்.

ஒற்றைப்படை, இரட்டைப்படை

பார்த்தால் மட்டும் போதுமா? "தமிழனின் உடல்வாகு வேறு, சீனனின் உடல்வாகு வேறு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் வாதம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கோலாலம்பூரில் மனநோயாளர்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே பெரிபெரி தலைவிரித்தாடியது. 1905-ஆம் ஆண்டு இறுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற வைத்தியர் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு விடுதிக்கும், இரட்டைப்படை எண்காரர்களை அதே போன்ற மற்றொரு விடுதிக்கும் அனுப்பினார். ஒரு விடுதிக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறு. மற்றதற்குப் புழுங்கல் அரிசிச் சோறு. கட்டிடத்தின் குற்றமோ என்ற சந்தேகம் வரக்கூடாதே என்று, இடையில் இரண்டு கூட்டத்தாரையும் விடுதி மாற்றியும் வைத்தார்.

ஏறத்தாழ ஓராண்டு சென்றது. பச்சரிசி தின்ற 120 பேரில் நோய் பலரைப் பிடித்தது. 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி தின்ற 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை.

வெட்டுக்காரத் தோழர்களுக்கு இந்த முறை புதிதல்ல. பால் கூடுதலாகச் சுரக்க ஒரு மருந்து வந்தால் நிர்வாகம் என்ன செய்கிறது? இந்த வெட்டில் பட்டைக்குத் தடவு, பக்கத்து வெட்டில் தடவாதே என்கிறது. இரண்டு பாலையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கிறது. அதே முறைதான் இது. அங்கே மரம், இங்கே மனிதன்.

காட்டில் சாலை போட்டவர்கள்

இதோடு வாதம் தீரவில்லை. கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் இன்னொரு பரிசோதனை நடத்தினார்கள். நெகிரி செம்பிலானின் உட்காட்டில் அப்போது சாலை போடும் வேலை நடந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஜாவாக்காரர்கள் சுமார் 300 பேர் அங்கே உழைத்தார்கள். கடைகண்ணி இல்லாத காடு. கொடுத்ததைத்தான் தின்ன வேண்டும். அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குத் தீட்டிய அரிசி, ஒன்றுக்குப் புழுங்கல் அரிசி என்று கொடுத்தார்கள்.

மூன்று மாதத்துக்குள் தீட்டிய அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தோன்றியது. புழுங்கல் கூட்டத்தில் இல்லை. உடனே அரிசியை மாற்றினார்கள். முன்பு சுகமாக இருந்த கூட்டத்துக்கு இப்போது தீட்டிய அரிசி. நோய் அந்தப் பக்கம் போய்விட்டது! தொற்று நோய் என்ற வாதம் அங்கே செத்தது. 1909-ஆம் ஆண்டில் இந்த முடிவு லண்டன் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. 1910-ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய கிழக்காசிய வைத்தியர் மாநாடு, தீட்டிய அரிசியையே முக்கிய உணவாகத் தொடர்ந்து உண்பதால் பெரிபெரி வருகிறது என்று தீர்மானம் நிறைவேற்றியது.

தோழர்களே! இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். நான் செக்ரோல் எழுதுகிறவன். ஒரு வேலைத்தலத்தில் 300 பேர் இருந்தால் 300 பெயரும் ஏட்டில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்றும் ஒரு கிராணி எழுதியிருப்பான்; யாருக்கு எத்தனை படி அரிசி அளந்தது என்று கணக்கு வைத்திருப்பான். வைத்தியர்களின் பெயர்கள் புத்தகங்களில் நிற்கின்றன. நிற்கட்டும், அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் கால் வீங்கிக் கிடந்த ஜாவாக்காரனின் பெயரை நமக்கு யார் சொல்வது? ஆஸ்பத்திரியில் மாண்ட அந்தப் பதினெட்டுப் பேரின் பெயரை யார் சொல்வது? அவர்களிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. "எனக்கு இந்த அரிசி வேண்டாம்" என்று சொல்லக்கூடிய நிலையிலும் அவர்கள் இல்லை. இன்று உலகத்தில் அரிசி உண்ணும் ஒவ்வொருவனும் அந்தப் பெயர் தெரியாதவர்களுக்குக் கடன்பட்டவன்.

தவிட்டில் இருந்த உயிர்

அரிசியில் விஷம் இல்லை. அரிசியிலிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்பட்டுவிட்டது என்பதே உண்மை. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் மடங்கி விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890-களிலேயே கண்டார். அதே ஜாவாவில் போர்டர்மன் என்பவர் நூறு சிறைச்சாலைகளின் கணக்கை எடுத்தார். தீட்டிய அரிசி தின்ற கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் நோயாளி. உமி மட்டும் நீக்கிய அரிசி தின்றவர்களில் 10,000 பேருக்கு ஒருவர்! தவிட்டில் இருந்த அந்தப் பொருளை 1926-ஆம் ஆண்டில் பத்தேவியாவில் பிரித்தெடுத்தார்கள். அதுதான் இன்று வைட்டமின் பி-1 என்று மாத்திரையாக விற்கப்படுகிறது.

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பிறகு குத்தினால் புழுங்கல் அரிசி. அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். "பார்த்தீர்களா, நம் முன்னோர் விஞ்ஞானிகள்" என்று உடனே மார் தட்ட வேண்டாம்! அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, அரிசி நாள்பட இருக்கும், அதற்காகச் செய்தார்கள். சத்து தானாக வந்து சேர்ந்தது. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி, தோட்டத்துத் தமிழனை அவனுக்கே தெரியாமல் காப்பாற்றியது.

தெரியாமல் கிடைத்த பாதுகாப்பு, தெரியாமலே போய்விடும். அதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி.

அறிவு இருந்தது, அரிசி இல்லை

1942, 1943. ஜப்பானியர் ஆட்சி. தோட்டங்களிலிருந்து நம் மக்களைப் பிடித்துச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காலரா கொன்றது, மலேரியா கொன்றது, வயிற்றுக்கடுப்பு கொன்றது, புண் அழுகிக் கொன்றது. அவற்றோடு பெரிபெரியும் கொன்றது. கிடைத்தது கொஞ்சம் தீட்டிய அரிசி, அதுவும் கெட்டுப்போனது. இந்த நோய் அண்டாத சாதி என்று வைத்தியர்கள் எழுதி வைத்த அதே தமிழன், அங்கே கால் வீங்கி விழுந்தான்.

கவனியுங்கள்! நோயின் காரணம் அப்போது தெரிந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. முகாம்களில் இருந்த கைதி டாக்டர்கள் எங்கேயாவது தவிடு கிடைத்தால் அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். அறிவு இருந்தது. ஆனால் எந்த அரிசி, எவ்வளவு அரிசி என்று முடிவு செய்யும் உரிமை தின்கிறவன் கையில் இல்லை. ஆராய்ச்சி நோயின் காரணத்தைக் காட்டும். அந்த மருந்தை ஏழையின் தட்டு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது ஆராய்ச்சியின் வேலை அல்ல. அது ஆட்சியின் வேலை. ஆட்சி மறந்தால் நம்முடைய வேலை.

அரிசி இன்றும் முழுவதும் நம் கையில் இல்லை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. சில வாரங்களில் இங்கே இறக்குமதி அரிசியின் விலை ஏறிற்று. உள்நாட்டு அரிசி கடைத்தட்டுகளில் காணாமல் போயிற்று. ஏறிய விலையின் பாரம் முதலில் யார் தலையில் விழுந்தது என்று நம் தாய்மார்களைக் கேட்டால் தெரியும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது வீட்டுக்காரியம். அரிசியை ஐந்து ஆறு தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுவதை நிறுத்துங்கள். கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பி-1 தண்ணீரில் கரைகிற சத்து, கஞ்சியோடு போய்விடும். வாரத்தில் சில நாளாவது பயறு, கடலை, பருப்பு சேருங்கள்.

இரண்டாவது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்கிறேன். பெரிபெரி ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது இன்று குடிகாரன் உடம்பில் குடியிருக்கிறது. ஓயாமல் சம்சு குடிப்பவனின் குடல் பி-1 சத்தை வாங்குவதில்லை; அவன் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கால் எரிகிறது, நடை தள்ளாடுகிறது, நினைவு தப்புகிறது என்றால் "குடிகாரன்தானே" என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காலத்தில் ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

மூன்றாவது, கிளைக்குச் சொல்வது. பிளெட்சர் கையாண்ட முறைக்குப் பெரிய பட்டம் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். ஒளிக்காமல் எண்ண வேண்டும். எழுதி வைக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், கீழ் லயத்துப் பெண்கள் அடிக்கடி வேலைக்கு வருவதில்லை என்று நிர்வாகம் குறை சொன்னது. சோம்பல் என்றார்கள். நான் மூன்று மாதச் செக்ரோலை எடுத்து, மேல் லயம் தனியாக, கீழ் லயம் தனியாகப் பிரித்து எழுதினேன். கீழ் லயத்தில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, பிள்ளைக்கு வாந்தி என்ற காரணமே திரும்பத் திரும்ப வந்தது. மேல் லயத்தில் அப்படி இல்லை. இரு லயத்துக்கும் தண்ணீர்த் தொட்டி வேறு வேறு. கிளைச் செயலாளர் அந்தக் காகிதத்தை நிர்வாகியின் மேசையில் வைத்தார். தொட்டியைத் திறந்து பார்த்தபோது மூடி உடைந்து, உள்ளே தவளை செத்துக் கிடந்தது. தொட்டி மாறியது. அதன் பிறகு சோம்பல் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வாய்ப்பேச்சாக மட்டும் போயிருந்தால், "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு லயத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். யாருக்கு என்ன நோய், எந்த நாள், எந்தத் தண்ணீர், எந்தக் காட்டில் மருந்து தெளித்த வேலை என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். நம்மோடு வேலை செய்யும் பிறநாட்டுத் தொழிலாளர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அன்று காட்டில் சாலை போட்ட ஜாவாக்காரர்களைப் போலவே இவர்களும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். இவர்களையும் பெயர் தெரியாதவர்களாக விட்டுவிடக் கூடாது.

அன்று நம் மக்களைப் பிறர் எண்ணினார்கள். இனி நாமே எண்ணுவோம். எண்ணியதை எடுத்துக்கொண்டுபோய்க் கேட்போம்.

கேள்வி கேட்ட அந்தத் தோழருக்கு என் நன்றி.