புகார் கொடுத்தால் படிப்பு நிற்குமா?



தேவதானத்திலிருந்து சேத்தூர் வழியாக ராஜபாளையத்துக்கும், அதைத் தாண்டி கிருஷ்ணன்கோவிலுக்கும் நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் படிக்கப் போகிறார்கள். வழியில் எவனாவது வம்பு பண்ணினால் மகள் வீட்டில் சொல்வாளா? சொன்னால், "நாளைல இருந்து காலேஜுக்குப் போக வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்திலேயே பல பெண்கள் வாய் திறப்பதில்லை.

போலீசிடம் போகவும் மாணவர்களுக்குத் தயக்கம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் கட்டையால் அடித்துக்கொண்டபோது, போலீசார் பார்த்துக்கொண்டு நின்றதை நாடே டி.வி.யில் பார்த்தது.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். இந்தத் தயக்கத்தை மீறி அவர் துணிந்து புகார் கொடுத்தார், குற்றவாளியும் பிடிபட்டான். ஆனால் அவருடைய அடையாளம் தெரியும்படி முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்துவிட்டது. இதைக் கண்டித்த உயர் நீதிமன்றம், மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவர் தொடர்ந்து படிக்க வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 30 ஆண்டுக்கு அவன் வெளியே வர முடியாது.

தண்டனை வாங்கிக் கொடுத்தது அந்தப் பெண்ணின் புகார்தான். அடுத்த பெண்ணும் அப்படித் துணிய வேண்டுமானால், போலீசில் தெரிந்த முகம் ஒன்று இருக்க வேண்டும். கோவை மாநகரக் காவல்துறை 2022-ல் 'போலீஸ் அக்கா' திட்டத்தைத் தொடங்கியது அதற்காகத்தான். கல்லூரிக்கென்று ஒரு பெண் காவலர் வந்து பேசுவார். அவருடைய போன் நம்பர் மாணவிகளிடம் இருக்கும். ஸ்டேஷன் படியேறக் கூசுகிற பெண், அக்காவிடம் சொல்லிவிடுவாள்.

நம் பக்கத்துக் கல்லூரிகளும் இந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கலாம். அதோடு, பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியிலேயே புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது. அவசரத்துக்குப் போலீஸ் 100, பெண்கள் உதவிக்கு 181.

பெற்றோரே, மகள் வந்து சொன்னால், "நீ ஏன் அந்தப் பக்கம் போனே?" என்று கேட்காதீர்கள். புகார் கொடுக்க அவளோடு போங்கள். மறுநாள் காலேஜுக்கும் அனுப்பி வையுங்கள்.