கறுப்புத் துணியில் ஒரு கோடு



தையல் மேசையில் இரண்டு துணிகள் விரிந்து கிடக்கின்றன. ஒன்று வெள்ளைக் காடா, மற்றொன்று கறுப்புப் பாப்ளின். வெள்ளையில் கோடு போட எதை எடுத்தாலும் சரி: பென்சில், பேனா, நீலச் சாக். அதே பென்சிலைக் கறுப்பில் இழுத்துப் பார்த்தால், கோடு போட்ட கைக்கே கோடு எங்கே என்று தெரியாது.

கில்ட் தைப்பவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் நழுவாமல் சேர்ந்திருக்கப் போர்வை முழுவதும் ஓட்டத்தையல் போடுவார்கள். அந்தத் தையலே பூவாகவும் இறகாகவும் கட்டமாகவும் வளர்ந்து போர்வைக்கு அழகு தரும். சட்டை வெட்டுகிறவரின் கோடு கத்தரியோடு போய்விடும். மிச்சமிருந்தால் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். கில்டில் அப்படி ஒளிய இடமில்லை. கோடு துணியின் முகத்தில் இருக்கிறது, ஊசி அதன் மேலேயே நடக்கிறது. கையால் தைக்கிற பெரிய போர்வைக்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை கோடு நிற்க வேண்டும். தைத்து முடித்த பிறகு அதன் சுவடே தெரியக் கூடாது. கறுப்பில் பளிச்சென்று பிடிக்கிற பொருள் லேசில் போகாது. லேசில் போகிற பொருளோ கை பட்டாலே உதிர்ந்துவிடும். கைவினையாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீர்க்கப் பார்ப்பது இந்த முரணைத்தான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் மக்கள் வாழ்கிறார்கள். எளிய வாழ்வைச் சமய நெறியாகக் கொண்டவர்கள். பூப்போட்ட துணி அவர்கள் உடையில் இருக்காது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்தப் பெண்கள் தைத்த போர்வைகளும் அப்படித்தான்: அடர்ந்த ஊதா, கருஞ்சிவப்பு, கருநீலம், கரும்பச்சை என்று ஒரே நிறக் கம்பளித் துணிகள். நடுவில் ஒரு பெரிய வைரக் கட்டம், சுற்றிலும் அகன்ற கரை, அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் நிறங்கள் மட்டும் தெரியும். கிட்டே போனால் அந்த இருண்ட பரப்பெங்கும் இறகு வளையங்கள், நட்சத்திரங்கள், திராட்சைக் கொத்துகள், எல்லாம் தையலாலேயே ஆனவை. நூலும் பெரும்பாலும் அடர் நிறம். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தபோது கலையுலகம் திரும்பிப் பார்த்தது. 2001-இல் ஆமிஷ் போர்வைகள் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. நிறங்களின் துணிவைப் பலரும் பாராட்டினார்கள். அந்த இருட்டில் இத்தனை வளைவுகளைப் பிசகாமல் வரைந்த கையும் அதே அளவு பாராட்டுக்கு உரியது. அட்டையில் வெட்டிய அச்சைத் துணிமேல் வைத்துச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு இழுப்பது, அந்தப் பகுதியைத் தைத்ததும் அடுத்த பகுதிக்கு நகர்வது. சாக் உதிர்வதற்குள் தைத்துவிடலாம் என்ற அளவுக்கே வரைவது. வேலையின் கணக்கு இவ்வளவு எளியது.

வளைவும் நெளிவுமான வடிவங்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. தாளில் வடிவத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் நெருக்கமாகத் துளை போடுவது. தையல் இயந்திரம் இருந்தால் நூல் கோக்காமல் தாளை ஓட்டினாலே போதும். துளையிட்ட தாளைத் துணிமேல் விரித்து, பொடி கட்டிய சிறு துணி முடிச்சால் ஒற்றுவார்கள். தாளை எடுத்தால் துணியில் புள்ளிக் கோலம். அமெரிக்கப் பெண்கள் அடர் நிறத் துணிக்குச் சோளமாவும் வெளிர் நிறத் துணிக்குப் பட்டைத் தூளும் பயன்படுத்தினார்கள். சமையலறை அலமாரியே அவர்களுக்குக் கடை.

இந்த உத்தியை இத்தாலியச் சுவரோவியர்களும் நன்கு அறிவார்கள். ரஃபேல் வரைந்த 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்துக்கான முழு அளவு வரைபடம் இன்றும் மிலான் நகரின் அம்ப்ரோசியானா நூலகத்தில் இருக்கிறது. அதன் கோடுகள் நெடுகிலும் ஊசித் துளைகள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. நம் ஊர் ஆரி வேலைக்காரர்கள் கல்யாண ரவிக்கைக்குக் கை வைக்கும்போது முதலில் செய்வது இதேதான். டிரேசிங் பேப்பரில் வடிவம் வரைந்து, துளை போட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, சிறு துணியால் தொட்டுத் தாள்மேல் தேய்க்கிறார்கள். அரக்குப் பட்டுக்கும் கறுப்பு வெல்வெட்டுக்கும் வெள்ளைப் பொடி. வெளிர் நிறப் பட்டானால் நீலம். மண்ணெண்ணெயின் வேலையில்தான் நுட்பம் இருக்கிறது. வெறும் பொடி மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். குழைத்த பொடி இழைகளுக்குள் இறங்கி அமர்கிறது. எண்ணெய் ஆவியாகிப் போகிறது, வெள்ளை நிற்கிறது.

வீட்டில் தைக்கிறவர்களுக்குக் கையடக்கமான வழிகளும் இருக்கின்றன. குளித்துத் தேய்ந்து மெலிந்த சோப்புச் சில்லு அடர் நிறத் துணியில் அருமையாகக் கோடு போடும், நனைத்தால் போய்விடும். எண்ணெய்ப் பசை கூடுதலாக உள்ள சோப்பு மட்டும் கூடாது, கறை பிடிக்கும். சாக்கில் வெள்ளையே நல்லது. மஞ்சளும் சிவப்பும் கண்ணுக்கு எடுப்பாக இருந்தாலும் சில துணிகளில் சாயம் தங்கிவிடும். நேர்க்கோடு என்றால் கோடே வேண்டாம்: ஒட்டுத்தாள் நாடாவை நீளமாக ஒட்டி அதன் விளிம்பை ஒட்டித் தைத்துவிட்டு உரித்தெடுக்கலாம். இரவு முழுக்க விட்டுவைத்தால் பசை துணியில் தங்கும்.

ஜப்பானில் நிறமே இல்லாத கோடு போடுகிறார்கள். 'ஹெரா' என்பது மழுங்கிய முனையுள்ள சிறு தட்டைக் கருவி. முன்பு எலும்பில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. அழுத்தி இழுத்தால் துணியில் ஒரு மெல்லிய பள்ளம் விழும். கறுப்புத் துணியில் பள்ளம் எப்படித் தெரியும்? விளக்கை மேலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் வைத்தால் தெரியும். சாய்ந்து வரும் ஒளியில் பள்ளத்தின் ஒரு கரை பளபளக்கும், மறு கரை நிழலாகும். கழுவவும் வேண்டாம், கறைக்கும் பயமில்லை.

அதே ஜப்பானிலிருந்து வந்த இன்னொரு பொருள் இன்று உலகெங்கும் தையல் பெட்டிகளில் கிடக்கிறது. பைலட் நிறுவனம் 2006-இல் ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்த ஃப்ரிக்‌ஷன் பேனா, தாளில் எழுதி அழிப்பதற்காகப் பிறந்தது. தேய்த்தால் எழும் சூட்டில், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில், மை நிறமிழந்துவிடும். தாளில் தேய்த்தால் போவது துணியில் இஸ்திரிப் பெட்டி பட்டாலும் போகுமே என்று தையற்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நிறம்தான் போகிறது, மை போவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சாயமும் அதற்கு நிறமூட்டும் துணைப்பொருளும் நுண்ணிய உறைகளுக்குள் சேர்ந்திருக்கின்றன. சூட்டில் அவை பிரிகின்றன, துணியை விட்டு எங்கும் போவதில்லை. உறைநிலைக்குக் கீழே 10, 20 டிகிரி குளிரில் மீண்டும் சேர்ந்து நிறம் திரும்பிவிடும். பனிநாட்டில் காரில் இரவெல்லாம் கிடந்த போர்வையில் அழிந்த கோடுகள் எழுந்து நிற்க இதுவே காரணம். அடர் நிறத் துணியில் இன்னொரு சங்கடம்: நிறம் போன பின்னும் வெளிறிய தடம் ஒன்று தங்கிவிடுவதுண்டு. கறுப்புக்கென்றே வெள்ளை மைப் பேனாக்களும் வருகின்றன. அவற்றின் கோடு ஈரத்தில் தெரியாது, காய்ந்த பிறகே வெளுத்து வரும்; பொறுமையில்லாதவர்கள் மேலே மேலே இழுத்துக் கோட்டைத் தடிமனாக்கிவிடுவார்கள். எந்தப் பேனாவானாலும் அதே துணியின் வெட்டுத் துண்டில் கோடு போட்டு, இஸ்திரி போட்டு, துவைத்து, ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு போர்வையில் கை வைப்பது நல்லது.

கோடே தேவைப்படாத கைகளும் உண்டு. ஜப்பானின் பெருந்தீவின் வடகோடியில் ட்சுகாரு நிலப்பகுதியை ஆண்டவர்கள் உழவர்கள் பருத்தி உடுத்துவதற்கு 18-ஆம் நூற்றாண்டில் தடை போட்டார்கள். கடுங்குளிரில் அவர்களுக்குக் கிடைத்தது நீலச்சாயம் தோய்த்த சணற்குடும்பத் துணி. இழைகளுக்கு இடையே காற்று புகும். பெண்கள் அந்த இடைவெளிகளை நூலோட்டி அடைத்தார்கள். பின்னாளில் வெண்பருத்தி நூல் கிடைத்ததும் கருநீலத்தில் வெள்ளை வைரங்கள் பூத்தன. கோகின் என்ற அந்தத் தையலுக்குச் சாக்கும் வேண்டாம், அச்சும் வேண்டாம். பாவு நூலை ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் எண்ணி ஊசியை எடுக்கிறார்கள். நெசவே அவர்களுக்குக் கோடு.

பழைய போர்வைகளைச் சேகரிப்பவர்கள் ஒரு போர்வை கையில் கிடைத்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். தையலை ஒட்டிப் பென்சில் கோடு தெரிந்தால் அவர்கள் முகம் மலரும், ஏனென்றால் அந்தப் போர்வை பெரும்பாலும் ஒருமுறைகூடத் துவைக்கப்பட்டிருக்காது. நூறாண்டுக்கு முன் ஒருத்தி குனிந்து வரைந்த கோடும், அவள் ஊசி அதைவிட்டு மயிரிழை விலகிப் போன இடமும் அப்படியே இருக்கின்றன.