நனைத்துச் சுரண்டுவோம்

(தவக்கால வானொலிச் சிந்தனை)



மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் கதவுகளைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே நல்ல தேக்கு. மேலே பச்சை, நீலம், சாம்பல் எனத் தலைமுறைக்கு ஒரு பெயிண்ட். கடற்காற்றில் பெயிண்ட் வெடித்தால், சுரண்டாமல் அதன்மேலேயே இன்னொரு பூச்சு. கடைசியில் ஜன்னல் சட்டங்கள் ஒட்டிக்கொண்டு காற்றே வராது.

நான் முன்பு பணியாற்றிய பங்கு இல்லத்திலும் அப்படியொரு ஜன்னல் இருந்தது. ஒரு நாள் நானே உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினேன். தாழ்வாரத்தில் மறைக்கல்விப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கு வந்த வயதான ஆசாரி பதறிப்போனார்: "சாமி, நிறுத்துங்க! பழைய பெயிண்டுல ஈயம் இருக்கும். தூசி பிள்ளைங்களுக்குள்ள போயிடும்."

அவர் சொன்னது உண்மை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

பிறகு ஆசாரியே செய்து காட்டினார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, முகக்கவசம் கட்டிக்கொண்டார். நெருப்பு காட்டவில்லை; அந்தப் புகையும் நஞ்சுதான். ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, மெதுவாக வழித்தெடுத்தார். மிச்சத்தைத் தண்ணீரில் நனைத்தே தேய்த்தார். உரிந்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டினார். ஒரு கதவுக்கு மூன்று நாள். முடிவில் தேக்கின் ரேகைகள் தெரிந்தன.

அன்பர்களே, பழைய மனித இயல்பைக் களையுமாறு பவுலடியார் எபேசியருக்கு எழுதுகிறார் (எபே 4:22). நாம் இரண்டு விதத்தில் தவறுகிறோம். ஒன்று, பழையதைக் களையாமல் மேலே புதுப்பூச்சு அடிப்பது. தம்பியோடு பேசாமலே நாற்பது நாள் நோன்பு இருப்பது அப்படித்தான். மற்றொன்று, காய்ந்தபடியே சுரண்டுவது. பிள்ளைகள் முன்னால் மனைவியின் குறைகளை அடுக்கிவிட்டு, "உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறோம். உண்மைதான். ஆனால், அந்தத் தூசியைச் சுவாசிப்பது பிள்ளைகள்.

ஒப்புரவு அருளடையாளத்தில் இறைவன் நம்மைக் காய்ந்தபடி சுரண்டுவதில்லை. இரக்கத்தால் ஊறவைத்துக் களைகிறார். களைந்தது வெளியே சிந்துவதுமில்லை.

இந்த வாரம் ஒருவரைத் திருத்த வேண்டியிருந்தால், தனியாக அழைத்து, அன்பால் நனைத்துப் பேசுவோம். அதற்குமுன் நம் கதவை அந்த நாசரேத்துத் தச்சரிடம் ஒப்படைப்போம். அவர் மரத்தை அறிந்தவர். ஆமென்.